ஒரு விநாடியின் ஆயுள்

நாவல்களில் இயற்கை வருணனை வந்தால் இரண்டு பக்கம் தள்ளிப் படிப்பது என் வழக்கம். பிறருடைய நாவல்களை மட்டும் சொல்லவில்லை. என் பழைய நாவல்களைப் புரட்ட நேரும்போதும் அப்படித்தான் செய்கிறேன். அத்தியாயம் தொடங்கும்போது கீழ்வானம் சிவக்க வேண்டும், முடியும்போது மேல்வானம் சிவக்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் எப்படியோ நம்மிடையே வந்துவிட்டது. நானும் அதற்கு என் பங்கைச் செலுத்தியிருக்கிறேன். என் கதாநாயகன் ஒருவன் வேலையை இழந்து வீடு திரும்பும் மாலையில், ஒரு முழுப் பக்கத்துக்கு மேகங்களை ஓட விட்டிருக்கிறேன். அந்த மேகங்கள் அவனுக்காக ஓடவில்லை, பக்கம் நிரம்புவதற்காக ஓடின என்பது எனக்குத் தெரியும். வாசகர்களுக்கும் தெரிந்திருக்கும். மரியாதை தெரிந்தவர்கள், சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவனிடம் என் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர் அவர். ஆளுக்கு ஒரு கைபேசி வந்த பிறகு கடையை மூடிவிட்டார். புத்தகம் ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கருடைய புகைப்படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. "ஒரு வாரம் வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள், சார்" என்றார். அன்று இரவே கால்மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். பனிமலை, நீர்வீழ்ச்சி, ஊசியிலை மரம், மறுபடியும் பனிமலை. மனிதப் பூண்டே கிடையாது. மளிகைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் காலண்டரில் வர்ணத்தை எடுத்துவிட்டால் இதுதான் மிஞ்சும் என்று தோன்றியது. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலையில் என் மனைவி அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் நிறுத்தி, "என்னங்க, இது ராத்திரிதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம், நிலா இருக்கிறதே!"

"இத்தனை வீடு இருக்கிறது. ஒரு வீட்டில்கூட விளக்கு ஏற்றவில்லையே?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். படத்தின் பாதிக்கு மேல் கறுத்த வானம். அதில் பௌர்ணமிக்கு ஓரிரு நாள் குறைந்த நிலா. அதற்குக் கீழே நீளமாக ஒரு வெள்ளை மேகப் படுகையும், தூரத்தில் பனி படிந்த மலைத் தொடரும். அடியில் ஒரு சிற்றூர். மண் வீடுகள், ஒரு சின்னக் கோயில், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். கல்லறைச் சிலுவைகள் மட்டும் யாரோ விளக்குப் பிடித்தாற்போல் வெள்ளை வெளேரென்று மின்னுகின்றன. உலகப் பிரசித்தி பெற்ற படம் இது. நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் நிலா எழும் காட்சி. முதல் நாள் இரவு இதையும் நான் மற்றவற்றோடு சேர்த்துப் புரட்டிவிட்டிருக்கிறேன்.

விளக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுதும்படி ஆயிற்று.

ஆடம்ஸ் 1902ஆம் வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்தவர். பியானோ வித்துவானாக வேண்டும் என்று வெகுகாலம் பயிற்சி செய்தவர். பதினாலாவது வயதில், 1916இல், பெற்றோருடன் யோஸமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனபோது கையில் ஒரு சாதாரண கோடாக் பெட்டிக் காமிரா. அதிலிருந்து 1984இல் இறக்கும்வரை அந்த மலைகளை அவர் விடவில்லை. நான் சொல்ல வந்த படம் யோஸமிட்டியில் எடுத்தது அல்ல. 1941ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கத்தின் உள்நாட்டு இலாகாவுக்காகப் படம் எடுத்துக்கொண்டு அவர் தென்மேற்கு மாகாணங்களில் அலைந்தார். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் சரிவராமல், மகனும் ஒரு சிநேகிதரும் உடன் வர, காரில் ஸாண்டா ஃபே நகரத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். அப்போது சாலைக்கு இடது பக்கம் இந்தக் காட்சி.

காரை ஓரங்கட்டிவிட்டு, அதைக் கொண்டு வா, இதைக் கொண்டு வா என்று இரண்டு பேரையும் விரட்டியிருக்கிறார். எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம் பிலிம் போடும் பெரிய காமிரா. முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குவியம் பார்த்து முடிப்பதற்குள் சூரியன் மேற்கே மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சிலுவைகளின்மேல் படும் வெளிச்சம் எந்த நிமிஷமும் போய்விடும். அந்தச் சமயம் பார்த்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைக் காணோம். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 மெழுகுவர்த்தி என்ற கணக்கு அவர் ஞாபகத்தில் இருந்தது. அதை வைத்து மனக்கணக்காகவே அளவைத் தீர்மானித்து, மஞ்சள் கண்ணாடி பொருத்தி, துவாரத்தை எஃப் 32க்குக் குறுக்கி, ஒரு விநாடி திறந்து மூடினார். எதற்கும் இன்னொரு பிரதி இருக்கட்டும் என்று பிலிம் சட்டத்தைத் திருப்பிப் போட்டார். அதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

ஆகவே அது ராத்திரி அல்ல. சாயங்காலம். விளக்கேற்றும் நேரம் இன்னும் வரவில்லை. சிலுவைகளின்மேல் இருப்பது நிலா வெளிச்சம் அல்ல, நம் முதுகுக்குப் பின்னால் அஸ்தமிக்கும் சூரியனின் கடைசி வெளிச்சம்.

அப்படியானால் வானம் எப்படி இவ்வளவு கறுப்பு? இதை எனக்கு விளக்கியவர் ஸ்டூடியோ நண்பர்தான். "நெகட்டிவில் வானம் சாம்பல் நிறமாகத்தான் இருந்திருக்கும், சார். கறுப்பெல்லாம் டார்க் ரூமில் ஏற்றியது. என்லார்ஜரில் பிரிண்ட் போடும்போது வானத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் விட்டால் கறுத்துவிடும். எந்த இடம் வெளுக்க வேண்டுமோ அங்கே ஓர் அட்டையைக் காட்டி ஆட்டினால் வெளுப்பாகும். மாப்பிள்ளை நிறம் கம்மி என்றால் நாங்களும் அட்டையை ஆட்டித்தான் சிவப்பாக்குவோம்" என்றார். மகா கலைஞனின் ரகசியமும் கல்யாண போட்டோவின் ரகசியமும் ஓர் அட்டைதான் என்பது எனக்கு வெகு திருப்தியாக இருந்தது.

ஆனால் இங்கேதான் விஷயம் கனக்கிறது. அந்த ஒரு நெகட்டிவிலிருந்து ஆடம்ஸ் தம் ஆயுளில் 1,300 பிரதிகளுக்கு மேல் போட்டிருக்கிறார். யந்திரத்தில் அடித்ததல்ல, ஒவ்வொன்றும் இருட்டறையில் நின்று கையால் போட்டது. நெகட்டிவின் அடிப்பாகம் சோகையாக இருக்கிறது என்று 1948இல் அதை மட்டும் மறுபடி ரசாயனத்தில் நனைத்து உரமேற்றினார். ஆரம்பப் பிரதிகளில் வானம் வெளிறித்தான் இருக்கிறது. உச்சியில் மெல்லிய மேகக் கீற்றுகள்கூடத் தெரிகின்றன. அந்தக் கீற்றுகள் தமக்கு உறுத்தலாகவே இருந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். வருஷம் ஏற ஏற வானம் கறுத்துக்கொண்டே வந்தது. அன்று மனக்கண்ணால் கண்டபடி பிரதி அமைந்தது 1970களில்தான் என்பது அவர் கட்சி. நெகட்டிவ் என்பது சங்கீதத்தில் ஸ்வரம் எழுதிய தாள், பிரதி என்பது கச்சேரி என்று அவர் சொல்வாராம். பியானோ படித்தவர் அல்லவா!

நாற்பது வயதுக்காரர் போட்ட பிரதியையும் எழுபது வயதுக்காரர் போட்ட பிரதியையும் அருகருகே வைத்து அச்சிட்டிருப்பதைத் தேடிப் பார்த்தேன். எது உயர்ந்தது? ரசிகர்கள் பெரும்பாலும் பிந்தியதைத்தான் கொண்டாடுகிறார்கள். கம்பீரம் அதில் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு முந்தியதற்குத்தான். வெளிறிய வானத்தின் கீழே அந்த ஊர் ஓர் ஊராக இருக்கிறது. யாரோ இப்போதுதான் வயலிலிருந்து திரும்பியிருப்பார்கள், இன்னும் சிறிது நேரத்தில் விளக்கு ஏற்றுவார்கள் என்று தோன்றுகிறது. கறுத்த வானத்தின் கீழே அதே ஊர் நித்தியத்துக்குள் போய்விடுகிறது. நித்தியத்தில் யார் விளக்கேற்றுவார்கள்? என் மனைவி கேட்டது சரியான விமரிசனம். அவளுக்கு ஆடம்ஸ் பேரும் தெரியாது, எஃப் 32ம் தெரியாது.

பழைய கதையை மறுபதிப்புக்குத் திருத்தும் எழுத்தாளன் செய்வதும் இதுதான். இருபத்தைந்து வயதில் தெரியாத்தனமாக எழுதிய வெளிறிய வானங்களை நாற்பத்தைந்தில் கறுப்பாக்குகிறோம். மேகக் கீற்றுகள் உறுத்துகின்றன, எடுத்துவிடுகிறோம். கதை அழுத்தம் பெற்றுவிட்டது என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். நான் ஒரு கதையை இப்படித் திருத்தி, முதல் பதிப்பில் படித்த ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது வேறு கதை.

இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு விநாடிக்காக அவ்வளவு பதறிய மனுஷர், அது எந்த நாள் என்று குறித்துவைக்கவில்லை. 1940, 1941, 1942, 1944 என்று வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு வருஷம் போட்டு அந்தப் படம் வெளியாகியிருக்கிறது. கடைசியில் 1981இல் டேவிட் எல்மோர் என்ற வானவியலார் படத்தில் நிலா நிற்கும் இடத்தை அளந்து கணக்குப் போட்டு, 1941 அக்டோபர் 31, மாலை 4 மணி 3 நிமிஷம் என்றார். ஆடம்ஸ் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அவர் காலமான பிறகு, 1991இல், டென்னிஸ் டி சிக்கோ என்பவர் மறுபடி கணக்குப் போட்டு, அது தவறு, மறுநாள் நவம்பர் முதல் தேதி மாலை 4 மணி 49 நிமிஷம் 20 விநாடி என்று திருத்தினார்.

ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எங்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தின் நினைவு வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின நாள் சகல புனிதர்களின் திருநாள். ஹெர்னாண்டஸ் கத்தோலிக்க ஊர். படம் எடுத்தது நவம்பர் முதல் தேதி என்றால், சூரியன் அந்தச் சிலுவைகளைத் தொட்டுவிட்டுப் போனது கல்லறைத் திருநாளுக்கு முந்திய மாலையில். ஆடம்ஸுக்கு இது தெரியாது. வேறு நாள் என்று நம்பியே இறந்துபோனார். இந்தச் சேர்க்கைக்கு அர்த்தம் கற்பிக்க எனக்கு உரிமை இல்லை. எந்தத் தேதியிலும் சிலுவை சிலுவைதான். ஆனால் தேதி தெரிந்த பிறகு என்னால் அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை. இன்னும் முப்பத்தாறு நாளில் பெர்ல் துறைமுகத்தில் குண்டு விழப்போகிறது, அந்த நாடே யுத்தத்தில் இறங்கப்போகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. நம் இலக்கண ஆசிரியர்கள் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் முதற்பொருள் என்று ஒன்றாக வைத்ததைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். பொழுதை எடுத்துவிட்டால் நிலமும் போய்விடும் என்பதை ஒரு நியூ மெக்ஸிகோ கல்லறைத் தோட்டம்தான் எனக்குப் புரியவைத்தது.

இந்த வெளிச்சத்தில் மற்றப் படங்களைத் திரும்பப் பார்த்தேன். என் முதல் அபிப்பிராயத்தை ஓரளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, ஓரளவுதான். அந்த மலைகள் வெறும் காலண்டர் மலைகள் அல்ல. மழை ஓய்ந்து மேகம் பிரியும் ஒரு கணத்துக்காக அந்த மனிதர் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார் என்பது ஒவ்வொன்றிலும் தெரிகிறது. ஆனால் காத்திருந்து பிடித்த கணத்தை உடனே ஆதியும் அந்தமும் இல்லாததாக்கிவிட அவருக்கு ஓர் அவசரம். மனிதர் யாரும் கால் வைக்காத உலகம், சிருஷ்டியின் முதல் நாள், என்ற பாவனை. அது பாவனைதான், உண்மை அல்ல.

யோஸமிட்டியில் டெனாயா என்று ஓர் ஏரி இருக்கிறது. பனியாறுகள் தேய்த்து வழவழப்பாக்கிய கருங்கல் பாறைகள் சூழ்ந்த ஏரி. அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வ குடிகளுக்கு டெனாயா என்பவர் தலைவர். 1851இல் வெள்ளைக்காரப் படை ஒன்று அந்த ஜனங்களைத் துரத்திக்கொண்டு வந்து இந்த ஏரிக்கரையில் பிடித்தது. உன் பெயரையே இதற்கு வைக்கப்போகிறோம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னார்களாம். இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றாராம் அவர். பளபளக்கும் பாறை என்று அர்த்தம் தரும் பெயர். அந்தப் படையில் இருந்த ஒருவரே இதை எழுதிவைத்திருக்கிறார். ஆடம்ஸின் ஏரி ஆளில்லாமல் இருப்பது இயற்கையால் அல்ல. ஆள் இருந்தார்கள், அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

இதைவிட என்னைச் சங்கடப்படுத்திய படம் வில்லியம்ஸன் சிகரம். முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் உருண்டைப் பாறைகள். பின்னால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வரும் ஒளிக்கற்றைகள். பார்த்தால் மயிர்க்கூச்செறிகிறது. 1944இல் எடுத்தது; எடுத்த இடம் மன்ஸனார். யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே குற்றத்துக்காகப் பத்தாயிரம் பேருக்கு மேல் முள்வேலிக்குள் அடைத்துவைத்திருந்த முகாம் அங்கே இருந்தது. அந்த முகாம் இந்தப் படத்தில் இல்லை. 'மன்ஸனாரிலிருந்து' என்று தலைப்பில் ஒரு சொல், அவ்வளவுதான்.

ஆடம்ஸுக்கு அநியாயம் செய்யக்கூடாது. 1943இல் அவர் அந்த முகாமுக்கே போய், உள்ளே இருந்தவர்களை மிக நெருக்கத்தில், ஒவ்வொரு முகமாகப் படம் பிடித்தார். அவர்களும் மற்றவர்களுக்குச் சமமான பிரஜைகள் என்று வாதாடி, யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1944இல், ஒரு புத்தகமும் போட்டார். அதற்கு நெஞ்சுரம் வேண்டும். கோழை அல்ல அவர். ஆயினும் வில்லியம்ஸன் சிகரத்தின் இந்தப் படத்தில் அந்த முகங்களுக்கு இடம் இல்லை. இங்கே இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அவர் வைக்கவில்லை. ஹெர்னாண்டஸிலோ, நிதானிக்க அவகாசம் கிடைக்காததால், வீடும் கல்லறையும் மலையும் நிலாவும் ஒரே சட்டத்துக்குள் வந்து விழுந்துவிட்டன. அவருடைய படங்களில் அது முதன்மையாக நிற்பதற்குக் காரணம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இந்தக் குறையை உணர்ந்திருக்கிறார்கள். 1977 முதல் 1979 வரை மார்க் கிளெட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்க சர்வேக்காரர்களோடு போன போட்டோக்காரர்கள் மேற்கு மாகாணங்களில் காமிராவை எங்கே நிறுத்தினார்களோ, அதே இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி படம் எடுத்தார்கள். நூற்றிருபது இடங்களுக்கு மேல். இடம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பாறையின் நிழல் பழைய படத்தில் விழுந்தபடியே விழ வேண்டும். அதற்காக அதே மாதம், அதே மணி வரும்வரை காத்திருக்க வேண்டும். சில இடங்களில் நூறு வருஷத்தில் ஒரு கல்கூட நகரவில்லை. சில இடங்களில் மலையையே காணோம்.

அதே கிளெட், பைரன் உல்ஃப் என்பவருடன் 2002இல் டெனாயா ஏரிக்குப் போனார். 1872இல் மைப்ரிட்ஜ், 1937இல் எட்வர்ட் வெஸ்டன், 1942 வாக்கில் நம் ஆடம்ஸ், மூவரும் அந்தக் கரையில் படம் எடுத்தவர்கள். மூன்றையும் தங்களுடைய புதிய படத்துக்குள் அந்தந்த இடத்தில் பொருத்தி, ஒரே நீண்ட கரையாக ஆக்கிவிட்டார்கள். கண்ணை இடமிருந்து வலம் ஓட்டினால் 1872இலிருந்து 1942க்குப் போய், 1937க்குத் திரும்பி, நடுநடுவே 2002இல் கால் வைக்க வேண்டியிருக்கிறது. தனித்தனியே நின்று தனித்தனி நித்தியங்களைப் பிடித்தவர்களெல்லாம் ஒரே கரையில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். தாங்கள் அங்கே கொசு அடித்துக்கொண்டு நின்றதையும் படத்தின் தலைப்பில் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். ஆடம்ஸின் படங்களில் எத்தனை கொசு கடித்திருக்கும்! ஒன்றாவது தெரிகிறதா?

கிளெட்டின் படம் ஆடம்ஸின் படத்தைவிட அழகு என்று நான் சொல்லமாட்டேன். அழகு குறைவுதான். சுவரில் மாட்டச் சொன்னால் நான்கூட ஆடம்ஸைத்தான் மாட்டுவேன். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது எதை என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

யோஸமிட்டியில் ஸென்டினல் டோம் என்ற மொட்டைப் பாறையின் உச்சியில் ஒற்றை ஊசியிலை மரம் ஒன்று இருந்தது. மண்ணே இல்லாத இடம். காற்று அடித்து அடித்துக் கிளைகளெல்லாம் ஒரே பக்கம் வளைந்து படுத்திருக்கும். 1860களில் கார்ல்டன் வாட்கின்ஸ் அதைப் படம் எடுத்திருக்கிறார். 1940 வாக்கில் ஆடம்ஸ் எடுத்தார். அதன் பிறகு அங்கே ஏறிப் போனவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். 1976இல் வந்த கடும் வறட்சியில் மரம் பட்டுப்போயிற்று. பிழைக்க வைக்க வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்தார்களாம். பட்டுப்போன பிறகும் நின்றது. படம் எடுப்பவர்களுக்கு அது செத்துப்போன வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. 2003 ஆகஸ்டில் சாய்ந்துவிட்டது.

ஆடம்ஸின் படத்தில் அந்த மரத்தைப் பார்த்தால் சாகவே சாகாது என்று தோன்றும். அதற்கு முந்திய வாட்கின்ஸ் படத்தையும் பிந்திய பட்டமரப் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் ஆடம்ஸின் படத்தில் அது உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

ஒரு வாரம் என்று வாங்கிய புத்தகத்தை ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு நேற்றுத் திருப்பிக் கொடுத்தேன். "எப்படி, சார்?" என்றார் நண்பர். விளக்கு விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷம் டார்க் ரூமில் நின்றவர், சிறிது நேரம் பேசாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நான் கவனிக்கவே இல்லையே, சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து, எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் ஏழாவது அத்தியாயத்தை எடுத்தேன். மகனைக் காணாமல் தாய் வாசலில் நிற்கும் இடம். அந்திவானத்துக்கு முக்கால் பக்கம் கொடுத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, மணி ஐந்தாகவில்லை, தெருவில் இன்னும் யாரும் விளக்குப் போடவில்லை என்று எழுதினேன். மிச்சத்தை நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.